ஊசியும் உறுதியும்: யாழ்ப்பாணத்துத் திருமணக் கொடையிற் பெண்களின் கைப்பின்னல்

வடமராட்சியின் மேற்கு அந்தத்தில், நீரேரி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்துள்ள தொண்டைமானாற்றின் வரலாற்றைக் கூறப்புகுவோர் கருணாகரத் தொண்டைமானிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகக் கலிங்கத்தை வென்றவன் எனப் புகழ்பெற்ற அவன், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பைக் கடல்வழி ஏற்றிச் செல்லும் பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்பது யாழ்ப்பாண மரபு. 'யாழ்ப்பாண வைபவமாலை'யும் அம்மரபைப் பேணுகின்றது. அடுத்துச் செல்வச்சந்நிதி முருகன் பேசப்படுவான். அதன்பின் பாய்க்கப்பல்கள் வரும். அயலூராகிய வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்த செய்தி இக்கரையோரத்தார் இன்றும் பெருமையோடு கூறும் செய்தியாகும். ஆற்றை வெட்டியவன், கப்பலைக் கட்டியவன், அதனை ஓட்டியவன் என நிரல்படும் இவ்வரலாற்றிலே பெண்ணின் கைவேலை எதுவும் இடம்பெறுவதில்லை. பாய்க்கப்பல் அமெரிக்கா செல்வதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே அதே மாநிலத்தின் துறைமுகங்களிலிருந்து புறப்பட்டுவந்த கப்பல்களில் ஊசியும் நூலும் யாழ்ப்பாணத்திற்கு வந்துசேர்ந்தன என்பதை நினைப்பாரும் அரியர்.

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தின் நடுத்தர வர்க்க வீடுகளில் மணப்பெண்ணுக்குரிய பொருள்களிடையே கையாற் பின்னிய விரிப்பொன்று இருந்தது. பெண் தானே பின்னியிருப்பாள். அன்றேல் அவளுக்குத் தமக்கையோ மாமியோ உடன்படித்த தோழியோ பின்னிக் கொடுத்திருப்பாள். கொளுக்கியூசி கொண்டு கண்ணி கண்ணியாக எடுக்கப்படும் குரோசே வேலை அது. மேனாட்டிலே அது கம்பளி நூலாலான போர்வை. யாழ்ப்பாணத்திலே பருத்தி நூலாலான கட்டில் விரிப்பாகவும் மேசை விரிப்பாகவும் தலையணை ஓரமாகவும் உருமாறிற்று. இச்சிறு பொருளின் வரலாற்றை ஆராய முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு அதற்கு எழுத்துச் சான்று மிக அருகியே காணப்படுவதாகும். இது தற்செயலாக நேர்ந்ததன்று. யாழ்ப்பாணத்துத் திருமணம் எதனை எழுதிவைத்தது, எதனை எழுதாது விட்டது என்ற வினாவோடு அது தொடர்புடையது.

எழுதிவைத்தவற்றை முதலில் நோக்கலாம். ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1706இல் தொகுத்து, பன்னிரு முதலியார்களின் பார்வைக்குட்படுத்தப்பட்டு, 1707இல் நடைமுறைக்கு வந்த தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகையாகப் பகுத்தது. சீதனம் பெண்ணின் சொத்து. தாயிடமிருந்து மகளுக்குச் செல்வது. அது பனையோலையில் எழுதப்பட்டது. பிற்காலத்தில் நொத்தாரிசின் முன்னிலையில் உறுதியாக எழுதப்பட்டது. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இப்பகுப்பின் சில கூறுகளை மாற்றியதெனினும் உறுதி எழுதும் வழக்கம் தளரவில்லை. காணியின் பெயர், பரப்பு, நான்கெல்லை, கிணற்றிலும் வழிவாய்க்காலிலுமுள்ள பங்கு என்பனவெல்லாம் சீதன உறுதியில் நுணுக்கமாகப் பொறிக்கப்படும். பனையும் வடலியும்கூட அதற்குத் தப்புவதில்லை. நகை பவுனிற் கணக்கிடப்படும். இவை யாவும் தந்தையோ தாயோ கொடுப்பவை; விலையுள்ளவை; வழக்காடத்தக்கவை. மணப்பெண் தன் கையாற் செய்துகொண்டு வந்தது விலையற்றது. எனவே அது உறுதியில் ஏறவில்லை. நான்கெல்லை குறிக்கப்பட்ட காணியைப் பற்றி இன்று ஒரு நூலே எழுதலாம். அக்காணிக்கு உரியவளாய் வந்தவளின் கையைப் பற்றி ஒரு வரி எழுதுவதும் அரிதாயிற்று.

அக்கை வெறுங்கையாக இருந்ததில்லை. மேனாட்டு ஊசி வருமுன்னரே யாழ்ப்பாணத்துப் பெண்கள் பின்னலறிந்தவர்கள். பனையோலையை வார்ந்து பாயும் பெட்டியும் கடகமும் நீற்றுப்பெட்டியும் இழைப்பது குடாநாடெங்கும் பெண்களின் வேலை. சாயமிட்ட ஓலையைக் கலந்து கோலம் அமைப்பதும், ஒற்றை இரட்டை எண்ணித் தூக்கிப் படுப்பதும் அவர்களுக்குக் கைவந்தவை. தொண்டைமானாறு போன்ற கரையோர ஊர்களில் நூலிலே கண்ணியெடுக்கும் தொழில் வேறொன்றும் இருந்தது. அது வலை முடிதல். வலையூசியும் கண்ணியின் அளவைக் காக்கும் சிறு பலகையும் கொண்டு கண்ணிக்குக் கண்ணி முடிச்சிட்டு வலை கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நைலோன் வலை வந்து அவ்வேலையைப் படிப்படியாக விழுங்கிற்று. ஓலையிழைப்பிலும் வலையிலும் பழகிய சமூகத்திற்குக் குரோசே முற்றிலும் அந்நியமான கைத்தொழிலாய்த் தோன்றியிருக்க முடியாது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஓலை துண்டு துண்டானது. ஓரத்தில் மடித்துக் குத்தினால் நிற்கும். வலைக்குக் கண்ணிதோறும் முடிச்சுண்டு. குரோசேயோ முடிச்சின்றி ஒரே நூலில் ஓடுவது. இறுதிக் கண்ணியை அடைக்காதுவிட்டு நூலை இழுத்தால் ஒரு மாத வேலை சில நிமிடங்களில் அவிழ்ந்துபோம். அதனாற் பிழை திருத்துவதும் எளிது. நூல் வீணாவதில்லை, வீணாவது காலம் ஒன்றே.

கரையோரத்துக்கு மேனாட்டு நூல்வேலையை முதலில் அறிமுகஞ்செய்தோர் அமெரிக்கர் அல்லர். 'ரேந்தை' என்ற சொல்லே அதற்குச் சான்று. போர்த்துக்கேய மொழியில் 'ரெண்டா' எனப்படுவது ஈழத்துத் தமிழில் ரேந்தையாயிற்று. துவாய், லேஞ்சி, கதிரை, வாங்கு, அலுமாரி ஆகிய சொற்களும் அவ்வழி வந்தவையே. தென்னிலங்கையிற் காலி, வெலிகம முதலிய இடங்களிலே பீரலு எனப்படும் ரேந்தை வேலை இன்றளவும் நிலைத்திருக்கின்றது. மரக்கட்டைகளிற் சுற்றிய நூல்களைத் திண்டின்மேற் பரப்பி மாற்றி மாற்றிப் பின்னுவது அது. யாழ்ப்பாணத்திற் சொல் நிலைத்த அளவுக்கு அத்தொழில் நிலைத்ததாகத் தெரியவில்லை.

ஊசி ஒரு கல்விக் கருவியாக வந்தது 19ஆம் நூற்றாண்டிலேயாம். 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்த அமெரிக்க மிசனரிமார் ஆண்பிள்ளைகளைத் திரட்டுவதிற் பெருந்தொல்லை அடையவில்லை. ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் உண்டு என்பதைப் பெற்றோர் விரைவில் உணர்ந்தனர். பெண்பிள்ளையை அனுப்ப அவர்கள் இசையவில்லை. எழுத்தறிந்த பெண்ணை எவன் மணப்பான் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. கோயிற் பணியோடு தொடர்புடைய ஆடல் மகளிரே எழுத்தறிந்த பெண்கள் என்று எண்ணப்பட்ட காலம் அது. 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஆரம்பித்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் இத்தடையை ஊசியினாலேயே கடந்தார் என்று கூறலாம். அப்பாடசாலையின் தோற்றம் பற்றி வழங்கும் கதை பலரும் அறிந்தது. மிசன் வீட்டின் அருகே வந்துபோன சிறுமியர் இருவருக்குத் தையல் கற்பிக்கப்பட்டது. ஒருநாள் மாலை பெருமழையால் அவர்கள் வீடு திரும்ப முடியாது அங்கேயே உண்டு உறங்க நேர்ந்தது. அதன்பின் அவர்களை விடுதியில் விட்டுவைக்கத் தந்தை இசைந்தார் என்பது அக்கதை. மழையின் பங்கு எவ்வாறாயினும், எழுத்துக்கு முன் ஊசியே அச்சிறுமியரின் கைக்கு வந்தது என்ற செய்தி கருத்திற் கொள்ளத்தக்கது. எழுத்து பெண்ணைக் கெடுக்கும் என்று அஞ்சிய பெற்றோர் தையல் அவளைக் கெடுக்கும் என்று எண்ணவில்லை. ஊசி பாதுகாப்பான கல்வி. அதன் மறைவிலே நெடுங்கணக்கும் உள்ளே நுழைந்தது.

இதன் மறுபாதி அமெரிக்காவில் நிகழ்ந்தது. நியூ இங்கிலாந்து மாநிலங்களின் சிற்றூர்களிற் பெண்கள் வாரந்தோறும் கூடித் தைத்தும் பின்னியும் ஈட்டிய சிறு பணத்தை வெளிநாட்டு மிசன்களுக்கு அனுப்பினர். திருமணமாகும் பெண்ணுக்கு அயலவர் பலர் கூடி ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுக்கும் வழக்கமும் அவ்வூர்களில் இருந்தது. அவ்வாறு கூடிய கைகளே தொலைதேசத்துச் சிறுமியருக்காகவும் உழைத்தன. விடுதிப் பிள்ளை ஒன்றின் செலவை ஏற்கும் கொடையாளர் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்கு இடப்படுவதும் உண்டு. ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை என்ற பெயர்களிற் காணப்படும் முன்னொட்டுக்கள் அவ்வழக்கத்தின் எச்சங்களே. பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே பெயரிடப்பட்டது. ஆண்களின் அப்பெயர்கள் இலக்கிய வரலாற்றிலே நின்றன. பெண்களின் பெயர்கள் மிசன் அறிக்கைகளோடு அடங்கிப்போயின. மனம் மாற்றும் நோக்கமும் பிள்ளையின் பெயரையே மாற்றும் துணிபும் இக்கொடையில் இருந்தன என்பதை மறைக்கவேண்டியதில்லை. அதனை அனுப்பியவர்களும் தம் பெயரிற் சொத்து வைத்திருக்க உரிமை குன்றியிருந்த பெண்கள் என்பதையும் உடன்வைத்தே நோக்கவேண்டும். அந்நாளைய அமெரிக்கச் சட்டத்தின்படி மணமான பெண்ணின் சொத்து கணவனின் ஆளுகைக்கு உட்பட்டது. சீதனத்தைத் தன் சொத்தாகக் கொண்ட யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்குத் தேசவழமை அதனினும் மேலான நிலையை அளித்திருந்தது. இரக்கம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் பாய்ந்தது என்று எண்ணுங்கால் இது சற்று நகைப்புக்கும் இடமளிக்கின்றது.

உடுவில் மிசனரிமார் யாழ்ப்பாணத்தின் நாடியை நன்கு அறிந்துகொண்டனர். கல்வியை முடித்து, தம் இசைவோடு மணஞ்செய்யும் பெண்ணுக்கு மிசனே சிறு சீதனம் கொடுத்தது. சீதன வழக்கத்தைக் கண்டித்திருக்க வேண்டியவர்கள் அதற்கு இணங்கினர். படித்த பெண்ணை யார் மணப்பர் என்ற கேள்விக்கு அவர்கள் அளித்த விடை இரண்டு. ஒன்று வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற இளைஞர். மற்றது சீதனப் பணம். 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் முடிவுகளாற் செமினரி மூடப்பட்டது, உடுவிலும் சுருங்கிற்று. எனினும் 1840 முதல் நான்கு தசாப்தங்கள் அங்குப் பணியாற்றி, தாய்நாடு திரும்பாமலே 1883இல் இம்மண்ணிற் காலமான எலைசா அக்னியூ அம்மையாரின் காலத்திலே உடுவிற் பெண் என்றால் எழுத்தும் இல்லறமும் ஒருங்கே அறிந்தவள் என்ற மதிப்பு நிலைபெற்றது. மணமாகாத அம்மையாருக்கு 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்று பெயர் வழங்கிற்று. அவர் தந்த கல்வி அப்புதல்வியரை மணமேடைக்குச் சேர்ப்பதாகவே அமைந்தது.

தொண்டைமானாற்றுக்கு அண்மித்த உடுப்பிட்டியில் 1868இல் அதே மிசனின் பெண்கள் விடுதிப் பாடசாலை தோன்றிற்று. அமெரிக்கப் பெண்கள் பொஸ்ரனில் தமக்கெனத் தனி மிசன் சபையை அமைத்ததும் அதே ஆண்டிலாகும். பருத்தித்துறையிலே வெஸ்லியன் மிசனின் பெண்பாடசாலை இருந்தது. யாழ்ப்பாண நகரில் 1862இல் வந்த திருக்குடும்பக் கன்னியர் மடத்தார் பிரெஞ்சு நாட்டுக் கைவேலை மரபைக் கொணர்ந்தனர். 1869இல் பொதுப்போதனைத் திணைக்களம் அமைந்து அரச நன்கொடை முறை பரவியபின் பெண்பிள்ளைகளின் பாடசாலைகளிலே தையல் ஒரு பாடமாகவே நிலைபெற்றது. வடமராட்சிக் கரையோரக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளை ஊசி இவ்வழியாகவே அணுகியிருத்தல் வேண்டும்.

குரோசே வேலை தையலுக்குப் பின்னரே வந்தது என்பது தெளிவு. 1824இல் உடுவிலில் அதனைக் கற்பித்திருக்க முடியாது. ஐரோப்பாவிலேயே அப்போதுதான் அது தலைகாட்டிற்று. ஒல்லாந்திலே 1820களில் வெளிவந்த 'பெனலோப்பே' என்ற மகளிர் இதழிலேயே அதன் அச்சான மாதிரிகள் முதன்முதலிற் காணப்படுகின்றன. 1840களின் பெரும்பஞ்சத்தின்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து மக்கள் மாண்டபோது, கோர்க், குளோன்ஸ் ஆகிய இடங்களிற் கன்னியாஸ்திரிகளும் பாதிரிமாரின் மனைவியரும் ஏழைப் பெண்களுக்குக் குரோசே கற்பித்தனர். விலையுயர்ந்த வெனிஸ் நகர ரேந்தையைப் போன்ற தோற்றத்தை ஒரு கொளுக்கியாலும் பருத்தி நூலாலும் விரைவில் உண்டாக்கலாம் என்பதே காரணம். பசித்தவர் பிழைப்புக்காகப் பின்னினர், சீமாட்டிகள் அணிந்தனர். பின்னர் விக்டோரியா மகாராணியாரே அதனைக் கற்றுக்கொண்டதும் அது கனவான் வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காயிற்று. யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அதன் மேலிருந்தது இப்பிற்கால மெருகு. பஞ்சத்தின் நாற்றம் அதற்குள் நீங்கிவிட்டது. குரோசே பற்றிக் கூறவேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. ஊசியிரண்டு கொண்டு பின்னும் வேலைக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பொறி கண்டுபிடிக்கப்பட்டது. குரோசேக்கு இன்றுவரை உண்மையான பொறி இல்லை. கடையில் விற்கப்படும் குரோசே விரிப்பு எதுவாயினும் அதன் ஒவ்வொரு கண்ணியும் யாரோ ஒருவரின் கையால் எடுக்கப்பட்டதே.

வெப்ப நாட்டிலே போர்வைக்கு வேலை குறைவு. மார்கழி, தை மாதங்களின் பனியிலும் பழஞ்சேலையொன்று போதும். எனவே போர்வையாக வந்த வேலை போர்க்கப்படாததாயிற்று. அதற்கு இடமளித்தவை தளபாடங்கள். திண்ணையிலும் பாயிலும் புழங்கிய வீட்டுக்குக் கதிரையும் மேசையும் அலுமாரியும் சுருள்கம்பிக் கட்டிலும் வந்தபின்பே அவற்றை மூடும் துணிக்குத் தேவை எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலங்கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் உத்தியோகம் பெற்றுச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் கல்வீடாகவும் தளபாடமாகவும் உயர்ந்த சீதனமாகவும் ஊரில் உருக்கொண்டது. மணமக்கள் பெண்ணின் சீதன வீட்டிலேயே குடியேறும் வழக்கத்தால், அவ்வீட்டின் கட்டிலும் மேசையும் மாப்பிள்ளையின் உறவினருடைய கண்ணிற்படும் முதற் பொருள்களாயின. வெண்ணூல் விரிப்பு அவற்றின்மேற் கிடந்து, இப்பெண் படித்தவள், பொறுமையுள்ளவள், வெயிலில் நின்று வேலைசெய்யாதவள் என்பதை வாய்திறவாது அறிவித்தது. பின்னாளில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிக்கும் அவ்வாறே மூடுதுணி பின்னப்பட்டதைக் காணும்போது, போர்வையின் உடம்பு மனிதனிலிருந்து பொருளுக்கு மாறிவிட்டது எனத் தோன்றுகின்றது.

அப்பொறுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆறடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள கட்டில் விரிப்பொன்றை நான்கு அங்குலச் சதுரங்களாகப் பின்னிப் பொருத்துவதாகக் கொண்டால், அகலத்தில் 18, நீளத்தில் 21 ஆக 378 சதுரங்கள் தேவை. பழகிய கைக்குச் சதுரமொன்று ஒரு மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோமாயின், சமையலும் கிணற்றடி வேலையும் முடிந்தபின் நாளுக்கொரு மணி நேரம் பின்னும் பெண்ணுக்கு அது ஓராண்டைக் கடந்த வேலையாகும். பொருத்துவதும் ஓரங்கட்டுவதும் வேறு. சதுரம் சதுரமாகப் பின்னும் முறைக்கு ஒரு வசதியும் உண்டு. பலர் தனித்தனியே பின்னி ஒருங்கு சேர்க்கலாம். ஒரே வகுப்பிற் படித்த தோழியரும் சகோதரிகளும் ஆளுக்குச் சில சதுரங்களாகப் பின்னி மணப்பெண்ணுக்குக் கொடுப்பதற்கு ஏற்ற முறை இதுவே. அத்தகைய விரிப்பை உற்றுநோக்கினாற் சில சதுரங்கள் இறுக்கமாகவும் சில தளர்வாகவும் இருக்கும். நூலை இழுத்துப்பிடிக்கும் கை ஆளுக்காள் வேறுபடுவதே காரணம். பெயரெழுதாத கொடையில் எஞ்சும் கையெழுத்து அதுவொன்றே.

இவ்வளவு நேரம் அப்பெண்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? இவ்வினா விரிப்பின் அழகைப் பேசுவோர் பெரும்பாலும் எழுப்பாத வினா. பெண் பூப்படைந்தபின் வீட்டோடு இருத்தப்பட்டாள். பாடசாலை நின்றது; வெளிச்செல்வது குறைந்தது. அன்றிலிருந்து திருமணம் வரையுள்ள காலம் அவளுடையதுமன்று, பிறருடையதுமன்று. அக்காலத்தை நிரப்பியது ஊசி. அதன் நீளத்தை நிர்ணயித்தது சீதனம். தந்தை காணியை ஈட்டிலிருந்து மீட்கும்வரை, தமையன் மலாயாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பணம் அனுப்பும்வரை, முன்பிறந்த தமக்கையருக்கு ஒழுங்காகும்வரை அவள் காத்திருந்தாள். உறுதி எழுதத் தாமதமான வீட்டிலே பின்னல் வளர்ந்தது. பெட்டகத்தில் ஒன்றுக்கு மூன்று விரிப்புக்கள் இருப்பின் அது வளத்தின் அறிகுறி என்று கொள்வதற்கில்லை. காத்திருப்பின் அளவாகவும் அது இருக்கலாம். திருமணமே கைகூடாத பெண்கள் தங்கையருக்கும் பெறாமக்களுக்கும் பின்னிக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய திருமணத்துக்கு வந்த மிகச் சிறந்த விரிப்பு மணமாகாத சிற்றன்னை ஒருத்தியின் கையிலிருந்து வந்ததாயிருத்தல் வியப்பன்று.

ஏனைய இடங்களோடு ஒப்பிடும்போது இவ்வழக்கத்தின் தனித்தன்மை மேலும் விளங்கும். தென் திருவிதாங்கூரின் நாகர்கோவிலிலே இலண்டன் மிசனைச் சேர்ந்த மால்ற் அம்மையார் 1820களில் ரேந்தை வேலையைக் கற்பித்தார். அங்கு அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் தம் கைவேலையால் ஈட்டிய பணத்தைக் கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டனர். ஊசி அங்கு விடுதலைக்கு விலையாயிற்று. ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்து நரசாபுரத்திலோ மிசனரிமார் கற்பித்த குரோசே, வணிகர் கைக்குச் சென்று ஐரோப்பியச் சந்தைக்கு ஏற்றுமதியாயிற்று. ஜேர்மன் சமூகவியலாளரான மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட நூலில் அப்பெண்களின் நிலையை ஆராய்ந்தார். வீட்டு வேலையோடு நாளெல்லாம் பின்னியும் அவர்கள் பெற்ற கூலி மிகச் சொற்பம். அவர்கள் தொழிலாளர் எனவும் கருதப்படவில்லை. ஓய்வு நேரத்திற் பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டனர். வெளியே செல்லாமை அவர்களின் சாதிக்குரிய கௌரவம். வயலிற் கூலிவேலை செய்த தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் அவர்களிலும் கூடுதலாக ஈட்டினர் என்பது அந்நூலின் கூர்மையான அவதானிப்புக்களில் ஒன்று.

யாழ்ப்பாணத்திலே குரோசே சந்தைப்பொருளாகப் பெருகவில்லை. திறமையோ நூலோ இல்லாமை அதற்குக் காரணமன்று. அது விற்கப்படாமையே அதன் மதிப்பாயிருந்தது. பெட்டி இழைத்துச் சந்தையில் விற்பவளிடமிருந்து, விரிப்புப் பின்னி அலுமாரியில் வைப்பவளை வேறுபடுத்தியது அவ்விற்காமையே. ஓலையிழைத்தவளின் கை குரோசே பின்னியவளின் கையிலும் குறைந்த திறனுடையதன்று. ஆயினும் முன்னையது பிழைப்பு எனவும் பின்னையது சீர் எனவும் பெயர்பெற்றன. சாதியும் வர்க்கமும் நூலுக்குள்ளும் புகுந்து ஒன்றை மேலென்றும் ஒன்றைக் கீழென்றும் பகுத்ததற்கு இது தக்க எடுத்துக்காட்டு. நரசாபுரத்துப் பெண் சுரண்டப்பட்டாள் எனில், யாழ்ப்பாணத்துப் பெண்ணின் உழைப்பு விலைபேசப்படாமையால் சுரண்டலுக்குத் தப்பியது என்று கூறிவிட முடியுமா? விலை கூறப்படாத அவ்வுழைப்பு திருமணச் சந்தையில் அவளுடைய 'குணம்' என்ற பெயரில் எண்ணப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டில் ஊசி மிசனின் தனியுடைமையாக இருக்கவில்லை. 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரி தோன்றிற்று. சைவப் பாடசாலைகள் பெருகின. மதத்தில் முரண்பட்டவர்கள் தையற் பாடத்தில் முரண்படவில்லை. நல்ல மனைவியை உருவாக்குவதே பெண்கல்வி என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டிருந்தனர். 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பெரும்பாலான பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின் அது மனையியலின் ஒரு கூறாயிற்று. அதற்குள் பெண்களுக்கும் உத்தியோகம் வந்துவிட்டது. ஆசிரியையின் சம்பளம் சீதனத்தின் ஒரு பகுதியாக எண்ணப்படலாயிற்று. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தின் வழி வந்த இறக்குமதி விரிப்புக்கள் மலிவாகவும் பளபளப்பாகவும் இருந்தன. கைப்பின்னல் பெட்டகத்தின் அடிக்குச் சென்றது.

அடுத்து வந்த ஆண்டுகள் பெட்டகத்தையும் விட்டுவைக்கவில்லை. 1987 மே இறுதியில் வடமராட்சி மீது நடத்தப்பட்ட இராணுவ நடவடிக்கை, 1990இல் வலிகாமம் வடக்கின் இடப்பெயர்வு, 1995 ஒக்ரோபர் 30இன் பேரிடப்பெயர்வு என மக்கள் கையிலெடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு நடந்தனர். அவ்வேளைகளில் முதலிற் கட்டப்பட்டவை காணி உறுதிகளும் நகைகளும் பிறப்புச் சான்றிதழ்களுமே. அதுவே அறிவுடைமை. விரிப்பை எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று கணக்கிட்டுக் கூற இயன்றது. அவற்றுக்குப் பட்டியல் இருந்தது. வீடுகளோடு அழிந்த கைவேலைக்குப் பட்டியலில்லை. உறுதி தொலைந்தால் காணிக் கந்தோரிற் பிரதி பெறலாம். இதற்குப் பிரதி கொடுக்கும் கந்தோர் எங்குமில்லை.

போர் 2009இல் முடிந்தபின், கணவரை இழந்த பெண்களின் குடும்பங்களுக்கென நடத்தப்பட்ட வாழ்வாதாரத் திட்டங்களில் தையலும் பின்னலும் மீண்டும் முன்வந்தன. அயர்லாந்துப் பஞ்சத்தில் வகுக்கப்பட்ட மருந்து ஒன்றரை நூற்றாண்டின் பின்னும் மாறவில்லை. அழிந்துபோன வாழ்வுக்குப் பெண்ணின் கையில் ஓர் ஊசியைக் கொடுப்பது கொடுப்பவர்க்குச் செலவு குறைந்த வழி. யாழ்ப்பாணத்திற் சீராக மட்டுமே இருந்த பின்னல் இவ்வாறு பிழைப்பாகவும் மாற முற்பட்டிருக்கின்றது. பெட்டி இழைத்தவளுக்கும் விரிப்புப் பின்னியவளுக்கும் இடையே இருந்த வேலி அதனாற் சற்றுத் தாழ்ந்திருப்பின் அதனை இழப்பு என்று கருதவேண்டியதில்லை.

போர்வையின் கதையில் இன்னொரு திருப்பமும் நேர்ந்துள்ளது. வடமராட்சியிலிருந்து புலம்பெயர்ந்தோர் பெருந்தொகையாகக் கனடாவிலும் நோர்வேயிலும் பிரித்தானியாவிலும் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திலே தை மாதத்திற்கூட வெப்பநிலை 25 பாகை அளவில் நிற்கும். ரொறன்ரோவிலோ அம்மாதச் சராசரி உறைநிலைக்குக் கீழாகும். அங்கு நூல் கம்பளியாக மாறிவிட்டது. உடுவிலிலோ உடுப்பிட்டியிலோ பருத்தி நூலிற் பழகிய முதியவள் ஒருத்தி அங்கிருந்து பேர்த்தியின் திருமணத்துக்குப் பின்னுவாளாயின், அது மேசையை மூடுவதற்காயிராது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் குளிர்தேசத்துப் பெண்கள் தம் அயல் மணப்பெண்ணுக்குக் கொடுத்ததைப் போன்று, இரவிற் போர்த்துக்கொள்வதற்காகவே அது பின்னப்படும்.